அரை லீற்றர் தண்ணீரும் ஓர் அரை உண்மையும்

‘இந்த மீனுக்கு ஒன்றுமே தேவையில்லை’ என்பதைவிட இலாபமான விற்பனை வாக்கியம் ஒன்றை வளர்ப்பு மீன் வணிகம் இதுவரை கண்டுபிடித்ததில்லை. வடிகட்டி தேவையில்லை, காற்றுக்குழாய் தேவையில்லை, தொட்டி கூடத் தேவையில்லை. ஜாம் போத்தல் ஒன்று போதும், வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் போதும் என்கிறார்கள். கொழும்பில் சொல்லப்படும் இதே வாக்கியம் சென்னையிலும் சொல்லப்படுகிறது, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வேறு மொழியில் சொல்லப்படுகிறது. அதை நம்பிப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு ‘பைட்டர்’ மீனை வாங்கிச் செல்லும் பெற்றோர் இரண்டு மாதங்களின் பின் அதே கடைக்கு இன்னொரு மீனுக்காக வருகிறார்கள். கடைக்காரர் வருத்தம் தெரிவிக்கிறார். புதிய மீனையும் விற்கிறார்.

நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் முழுப் பொய்யைக் கண்டு நான் அதிகம் அஞ்சியதில்லை. முழுப் பொய் விரைவில் பிடிபட்டுவிடும். அஞ்சவேண்டியது அரை உண்மைக்குத்தான். இந்த மீனைப் பற்றிச் சொல்லப்படுபவை அனைத்தும் அரை உண்மைகள். ஒவ்வொன்றிலும் சரியான ஒரு தகவல் இருக்கிறது. அந்தத் தகவலிலிருந்து பெறப்படும் முடிவோ முற்றிலும் தவறானது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் இந்த உயிரினம் யார் என்பதை அறிமுகம் செய்துவிடுகிறேன். இதன் தாயகம் தாய்லாந்து. அங்குள்ள மக்கள் இதனைக் ‘கடிக்கும் மீன்’ என்ற பொருளில் ‘பிளா கட்’ என அழைப்பர். பல தலைமுறைகளாகச் சண்டைக்கென்று அங்கே வளர்க்கப்பட்டு வந்த இம்மீனுக்கு, 1910ஆம் ஆண்டில் பிரித்தானிய மீனியலாளர் சார்ள்ஸ் டேட் ரீகன் ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’ என்ற அறிவியற் பெயரைச் சூட்டினார். ஒளிர்வது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கம் இதனைத் தனது தேசிய நீர்வாழ் விலங்காகப் பிரகடனம் செய்தது. ஒரு நாட்டின் தேசியச் சின்னமாக விளங்கும் உயிரினம், மற்றைய நாடுகளில் ஜாம் போத்தலில் அடைத்து விற்கப்படுகிறது. வளர்ப்பு மீன்கள் இலட்சக்கணக்கில் உற்பத்தியாகும் இக்காலத்தில், இயற்கையில் வாழும் மூல இனம் வாழிடங்களை இழந்து, பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனம் எனச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

அரை உண்மை ஒன்று: ‘இது காற்றைச் சுவாசிக்கும் மீன், ஆகவே எவ்வளவு குறைந்த தண்ணீரிலும் வாழும்.’

காற்றைச் சுவாசிப்பது உண்மை. செவுள்களுக்கு மேலே, தலையினுள், மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு இதற்கு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, அதிலுள்ள ஒட்சிசனை அவ்வுறுப்பின் மூலம் பெற்றுக்கொள்கிறது. நம்மவர் நன்கறிந்த பனையேறிக் கெண்டைக்கும் இத்தகைய உறுப்பு இருக்கிறது. ஆனால், மீனுக்குத் தண்ணீர் தேவைப்படுவது மூச்சு விடுவதற்கு மட்டுமன்று. மீன் தான் உண்டதன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள்களின் வழியே தண்ணீருக்குள்தான் விடுகிறது. எஞ்சிய தீனும் எச்சமும் அழுகி மேலும் அமோனியாவைச் சேர்க்கின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு. அது செவுள்களையும் தோலையும் அரிக்கிறது. 20 லீற்றர் தொட்டியில் கலக்கும் அதே அளவு கழிவு அரை லீற்றர் போத்தலில் கலக்கும்போது செறிவு நாற்பது மடங்காகிறது. இதைப் புரிந்துகொள்வதற்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை, வகுத்தற் கணக்குத் தெரிந்தாற் போதும்.

இங்கேதான் இந்த வணிகத்தின் கொடூரம் ஒளிந்திருக்கிறது. வேறொரு மீனை அந்தப் போத்தலில் போட்டால் ஒட்சிசன் போதாமல் விரைவிலேயே செத்து மிதக்கும். விற்றவர் சொன்னது பொய் என்பது உடனே அம்பலமாகிவிடும். பெட்டா அப்படிச் சாவதில்லை. காற்றை விழுங்கி விழுங்கி, தனது கழிவிலேயே கிடந்து, வாரக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறம் மங்குகிறது, செட்டைகள் ஒடுங்குகின்றன, ஓரங்கள் அழுகுகின்றன, அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வீட்டார் அதனை ‘அமைதியான மீன்’ என்கிறார்கள். இயற்கை அதற்கு அளித்த திறமையே அதன் தண்டனைக் காலத்தை நீட்டிக்கிறது. சாகாமல் இருப்பதையும் வாழ்வதையும் ஒன்றென்று சொல்லி ஒரு வியாபாரம் நடக்கிறது.

அரை உண்மை இரண்டு: ‘இது வயற் குட்டைகளில் வாழ்ந்த மீன், எருமைக் குளம்படித் தண்ணீரிலேயே இருந்து பழகியது.’

நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் இம்மீன் வாழ்வது உண்மை. ஆனால் நெல் வயலைக் கண்ட தமிழனிடம் இந்தக் கதையைச் சொல்லலாமா? வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலுக்குள் இறங்கி நின்றவர்களுக்குத் தெரியும், நீர் கட்டிய வயலில் ஆழம் குறைவே தவிர, பரப்புக் குறைவன்று. வரம்புக்கு வரம்பு, வாய்க்காலுக்கு வாய்க்கால் தொடர்ந்து செல்லும் நீர் அது. பயிர்த் தண்டுகளும் பாசியும் அதற்கு மறைவிடம். பூச்சிகளும் நுளம்புக் குடம்பிகளும் உணவு. வெயிலில் இளஞ்சூடேறிய நீர். கடும் வரட்சியில் சில மீன்கள் சிறு குழிகளில் ஒதுங்கி உயிர் தப்புவதுண்டு. அது அவற்றின் ஆபத்துக்காலம். வெள்ளத்தில் பாடசாலைக் கட்டடத்தில் தங்கிய ஒரு குடும்பத்தைக் காட்டி, ‘இவர்களுக்கு வீடு தேவையில்லை, வகுப்பறை மூலையே போதும்’ என்று யாராவது எழுதினால் அந்தப் பத்திரிகையை நாம் என்ன செய்வோம்?

அரை உண்மை மூன்று: ‘இது சண்டைக்கார மீன், தனியாகத்தான் இருக்கவேண்டும்.’

இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பது முற்றிலும் சரி. தனியாக வைக்கவேண்டும் என்பதும் சரி. ஆனால் தனிமை என்பது நெருக்கடி அன்று. தனக்கென ஓர் எல்லையை வகுத்துக் காக்கும் இயல்புடைய விலங்குக்கு, காப்பதற்கு ஓர் எல்லை இருக்கவேண்டும். கடைகளில் நடப்பது என்ன? போத்தல்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு மீனும் தனது எதிரியை இருபுறமும் கண்டபடி, நாள் முழுவதும் செட்டைகளை விரித்து, முட்டமுடியாத கண்ணாடியோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. வாடிக்கையாளர் ‘எவ்வளவு அழகாக விரிக்கிறது’ என்று வியக்கிறார். பயத்தையும் சினத்தையும் அழகு என்று விலைபேசும் கடைவீதி அது. நடுவே ஒரு கடதாசி அட்டையை வைத்து மறைப்பதற்கு என்ன செலவாகும்?

சண்டைக்காரன் என்ற பட்டத்தைச் சூட்டியவர்கள் இம்மீனின் மறுபக்கத்தை மட்டும் சொல்வதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக் குமிழிகளால் ஒரு கூடு கட்டுகிறது. பெண் மீன் இடும் முட்டைகளை வாயால் பொறுக்கியெடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டில் சேர்க்கிறது. கீழே நழுவி விழும் முட்டையையும் குஞ்சையும் மீண்டும் மீண்டும் எடுத்துச் சென்று வைக்கிறது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்வரை காவல் நிற்பது தந்தையே.

நான்காவதாக ஓர் அலங்காரப் பொய்யும் உலகைச் சுற்றி வந்தது. கண்ணாடிப் பூச்சாடியில் நீர் நிரப்பி, மேலே ஒரு செடியை வேர் நீரில் படும்படி வைத்து, கீழே ஒரு பெட்டாவை விட்டு, ‘மீன் வேரைத் தின்னும், செடி மீனின் கழிவைத் தின்னும், நீங்கள் ஒன்றும் செய்யவேண்டியதில்லை’ என்று விற்றார்கள். பெட்டா ஊனுண்ணி. பூச்சிகளையும் குடம்பிகளையும் உண்ணும் இனம். பட்டினியின் உச்சத்தில் வேரைக் கொறித்த மீனை மரக்கறி உண்பது என்று சொல்லி விற்றதற்கு என்ன பெயர் வைப்பது? போதாததற்குச் செடி நீர்மட்டத்தை அடைத்துக்கொண்டால், காற்றை விழுங்க மேலே வரவேண்டிய மீனுக்கு அந்த வழியும் இல்லாமற் போய்விடும்.

எனது தொழிலையும் இதில் நான் விட்டுவைக்கப் போவதில்லை. எமது பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளைப் பாருங்கள். வாஸ்து மீன், அதிர்ஷ்ட மீன், எந்தத் திசையில் தொட்டியை வைத்தால் பணம் வரும், எத்தனை மீன் வைத்தால் கண்ணூறு கழியும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. மீன் செத்தால் வீட்டாருக்கு வரவிருந்த தீங்கை அது தாங்கிக்கொண்டது என்று ஆறுதலும் சொல்லப்படுகிறது. அமோனியாவில் செத்த மீனுக்குத் தியாகிப் பட்டம்! இவற்றில் எதிலாவது, தண்ணீரை எப்படிப் பக்குவப்படுத்துவது என்று ஒரு வரி இருக்கிறதா? சமையற் குறிப்பில் உப்பின் அளவு தவறினால் வாசகர் கடிதம் வருகிறது. இந்தக் குறிப்புகள் தவறினால் கடிதம் எழுத அந்த வாசகருக்கு வாயில்லை.

குற்றஞ்சாட்டிவிட்டு மாற்றைச் சொல்லாமல் போவது பத்தி எழுத்தாளரின் வழக்கமான தப்பித்தல். ஆகவே மாற்றையும் சொல்கிறேன்.

ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் விட்டால் 20 லீற்றர் ஆகிறது. ஒரு பெட்டாவுக்கு அது கௌரவமான வீடு. உயரத்தைவிட நீளம் முக்கியம். மூடி கட்டாயம், ஏனெனில் இது துள்ளும் மீன். மூடிக்கும் நீருக்கும் இடையே காற்று நிற்க இடைவெளி இருக்கவேண்டும். நீரோட்டம் மென்மையாக இருக்கவேண்டும். நீண்ட செட்டைகளை இழுத்துக்கொண்டு வெள்ளத்தில் நீந்த அதனால் முடியாது. சிறிய காற்றுப் பம்பியில் இயங்கும் பஞ்சு வடிகட்டி இதற்கு மிகப் பொருத்தமானது, விலையும் குறைந்தது.

தொட்டியை வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதுதான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் அடிமணலிலும் குடியேறவேண்டும். முதலிரண்டும் கடும் நஞ்சு. மூன்றாவதின் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு. இந்தக் குடியேற்றத்துக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். மீன் இல்லாத தொட்டியில் சிறிதளவு மீன் தீனை இட்டு அழுகவிட்டு, சோதனைத் திரவங்களால் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகிவிட்டதை உறுதிசெய்த பின்னரே மீனை விடவேண்டும். நன்கு இயங்கும் தொட்டி ஒன்றின் பழைய பஞ்சை நண்பர் ஒருவரிடமிருந்து பெற்றால் காத்திருப்புக் குறையும். அதன் பின் வாரத்துக்கு ஒரு தடவை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். முழு நீரையும் கொட்டி, தொட்டியைச் சவர்க்காரமிட்டுத் தேய்ப்பது துப்புரவன்று. அது அந்தப் பற்றீரியாக் குடியிருப்பை அழிப்பது. பஞ்சையும் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்தெடுக்கவேண்டும்.

தண்ணீர் ஊருக்கு ஊர் வேறுபடும். கொழும்புக்கு அம்பத்தளையிலிருந்து வரும் களனி கங்கை நீரில் குளோரீன் கலந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் வெளிநாட்டு நகரங்கள் பலவற்றில் பயன்படும் குளோரமைன் அப்படி வெளியேறாது. அங்குள்ளோர் அதற்குரிய நீர் பதப்படுத்தியைச் சேர்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கடினத்தன்மை கொண்டது. தோட்டப் பசளையின் நைத்திரேற்றும் பல கிணறுகளில் கலந்திருக்கிறது. காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் நஞ்சு மேலும் கூடும் என்பதால், அங்கே சிறு போத்தலில் மீன் வைப்பது இரட்டைத் தவறு. வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெப்பமூட்டி தேவைப்படாது. நுவரெலியாவிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் அது இல்லாமல் இந்த மீனை வைத்திருக்கக் கூடாது. குளிரில் அது பசியை இழந்து நோயில் விழும்.

காலையும் மாலையும் இரண்டு மூன்று குறுணித் தீன் போதும். அதன் இரைப்பை மிகச் சிறியது. நுளம்புக் குடம்பி அதற்கு விருந்துதான். ஆனால் அதற்காக வீட்டு வாசலில் வாளியில் நீர் தேக்கி வைக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உங்களைத் தேடி வரும், டெங்கு அதற்கு முன்னரே வந்துவிடும். மறைவிடத்துக்குச் செடிகள் வையுங்கள். உலகெங்கும் மீன் வளர்ப்போர் விரும்பி நடும் ‘கிரிப்டோகொரைன் வெண்டியி’ என்ற நீர்த்தாவரம் இலங்கைக்கே உரியது என்பதைப் புலம்பெயர்ந்த வாசகர்கள் அறிந்தால் மகிழ்வர். சிங்களவர் கொட்டம்பா எனச் சொல்லும் நாட்டு வாதுமையின் காய்ந்த சருகு ஒன்றை நீரில் இட்டால் அது மெல்லத் தேநீர் நிறமாகும். காட்டு நீரின் இயல்பை அது ஓரளவு தரும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

‘ஒரு சிறு மீனுக்கு இவ்வளவா?’ என்று கேட்போருக்கு ஒரே பதில்தான். இவ்வளவும் முடியாதென்றால் வாங்காதீர்கள். மீன் வளர்ப்பது எவருடைய கடமையுமன்று. ஒழுங்காக அமைத்த தொட்டிக்கு ஒருமுறைதான் செலவு. இரண்டு மாதத்துக்கொரு மீன் வாங்கும் குடும்பம் சில ஆண்டுகளில் செலவிடும் பணம் அதற்குக் குறைந்ததன்று. ஒழுங்காகப் பேணினால் இம்மீன் மூன்று, நான்கு ஆண்டுகள் வரை வாழக்கூடியது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. ‘இத்தனை ஆயிரம் மனிதர் மடிந்த மண்ணிலிருந்து வந்த நீ, மீனுக்காகவா எழுதுகிறாய்?’ இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 2009ஆம் ஆண்டு மே மாதம் வரையிலான செய்திகளைக் கையாண்டவர்கள் எவரும் அதை இலேசாகத் தட்டிவிட முடியாது. ஆனால் இரக்கம் என்பது பங்கீட்டு அட்டைக்குக் கொடுக்கும் சீனி அன்று, மீனுக்குக் கொடுத்ததால் மனிதனுக்குக் குறைந்துபோவதற்கு. அந்த ஆண்டுகளில் நம்மை அதிகம் வதைத்தது, கண்ணெதிரே நடந்ததைக் காணாதிருந்தோரின் பழக்கம். அந்தப் பழக்கம் பெரிய விடயங்களில் திடீரெனத் தொடங்குவதில்லை. மேசைமேல் இருக்கும் போத்தலில் ஓர் உயிர் வாடுவதைக் கண்டும், ‘அது அப்படித்தான் இருக்கும்’ என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அங்கேயும் அது தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் ‘மிருகம்’ என்பதற்குத் தந்த வரைவிலக்கணத்தில், அடைத்து வைக்கப்பட்ட பறவையும் மீனும் ஊர்வனவும் அடங்கும். பிரித்தானியர் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டத்தில் மீனுக்கு இடமிருந்தது. அது விதித்த உச்சத் தண்டப்பணமோ 100 ரூபா. 1907இல் அது பெருந்தொகை. இன்று நூறு ரூபாவுக்கு என்ன வாங்கலாம் என்பதை வாசகரே அறிவர். உரோம் மாநகராட்சி 2005ஆம் ஆண்டில் வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைப்பதைத் தடைசெய்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், தன் பொறுப்பிலுள்ள முதுகெலும்புள்ள விலங்குக்குத் தகுந்த சூழலும் உணவும் அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விலங்கை விற்பதையும் குற்றமாக்கியது. மீனுக்கும் முதுகெலும்பு உண்டு. இலண்டனில் வாழும் நம் வாசகர்கள் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.

சலித்துப்போன சிலர் மீனைக் குளத்தில் கொண்டுபோய் விட்டுப் புண்ணியம் தேடுவர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொட்டிகளுக்கென இறக்குமதியான ‘துப்புரவு மீன்’களும் கத்தி மீன்களும் இலங்கையின் நீர்நிலைகளில் பரவிச் சுதேச மீன்களுக்கு எதிரியாகிவிட்டன. பெட்டாவின் உறவினமான ‘மல்புலுத்தா’ என்ற சிறு மீன் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1937இல் தெரணியகல அதனை உலகுக்கு அறிமுகம் செய்தார். தாழ்நில ஓடைகளில் இன்று அருகிவரும் அந்த உறவினனின் வீட்டுக்குள் அந்நிய மீனைத் தள்ளிவிடுவது புண்ணியமாகாது.

நான் கேட்பது மிகச் சிலவே. விற்பவர்கள், மீன் போத்தலோடு தொட்டியின் குறைந்தபட்ச அளவையும் எழுதி ஒட்டட்டும். போத்தல்களுக்கு நடுவே அட்டை வைக்கட்டும். பத்திரிகை ஆசிரியர்கள், வாஸ்துப் பத்திக்குக் கொடுக்கும் இடத்தில் காற்பங்கை நீரைப் பற்றிய குறிப்புக்குக் கொடுக்கட்டும். பெற்றோர்கள், முதலில் தொட்டியை வாங்கிச் செடியை நட்டு, நீர் பக்குவப்படும்வரை பிள்ளையையும் ஆறு வாரம் காத்திருக்கச் செய்யட்டும். அந்த ஆறு வாரத்தையும் பொறுக்க முடியாத வீட்டுக்கு எந்த மீனையும் விற்கவேண்டாம்.